கேட்கலாமா என்று கேட்பவர்கள்

அந்தக் குரூப்பில் நான் போட்ட முதல் செய்தி இது: “வணக்கம் சார். ஒரு சந்தேகம் இருக்கு. கேட்கலாமா சார்?”

அப்போது கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து நடத்தும் குரூப் அது. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் என்று பெரிய கம்பெனிகளில் இருப்பவர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டத்தான் இதை ஆரம்பித்தோம் என்று முகப்பிலேயே எழுதியிருந்தார்கள். நான் நம்பினேன்.

செய்தி போட்ட மறுநொடியே பதில் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஆட்கள் இவ்வளவு வேகமாகப் பதில் போடுகிறார்களே என்று சந்தோஷமாகத் திறந்தேன். ஒரு சிரிப்புப் பொம்மை. அதன் கீழே ஆங்கிலத்தில் சில வரிகள். கேட்கலாமா என்று கேட்காதீர்கள், கேள்வியை நேராகக் கேளுங்கள், மற்றவர்களின் நேரத்தை மதியுங்கள். அதை எந்த ஆளும் எழுதவில்லை. யாராவது என்னை மாதிரிக் கேட்டால் தானாகவே அந்த வரிகளைப் போடும்படி ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். குரூப்பில் அதை ‘பாட்’ என்பார்கள். நான் இன்றுவரை மிஷின் என்றுதான் சொல்கிறேன்.

அந்தச் சந்தேகத்தை நான் கடைசிவரை கேட்கவே இல்லை. என்ன சந்தேகம் என்று இப்போது நினைவில்கூட இல்லை. அந்தச் சிரிப்புப் பொம்மை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

என் அப்பா ஆடு மேய்க்கிறவர். எங்கள் ஊர் இளையரசனேந்தல் பக்கம் எல்லாம் வானத்தை நம்பிய புஞ்சைக் காடுகள். அறுப்பு முடிந்துவிட்டால் வேலி கிடையாது, காவல் கிடையாது. ஆடு இறங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை, புழுக்கை விழுந்தால் மண்ணுக்கு லாபம்தான். ஆனாலும் அப்பா வரப்பிலேயே நின்றுகொண்டு குரல் கொடுப்பார். “அண்ணாச்சி, ஆடு இறக்கட்டுமா?” காட்டுக்காரர் தூரத்திலிருந்து கையை ஆட்டினால் அவருக்குப் போதாது. “இறக்கிக்கோ” என்று வாயால் சொல்ல வேண்டும். காட்டில் ஆள் இல்லையென்றால் வீட்டுக்கே நடந்துபோய்க் கேட்டுவிட்டு வருவார். அதுவரை என் அண்ணன் ஆடுகளைப் பாதையில் மறித்து வைத்திருப்பான்.

இதெல்லாம் மரியாதை என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். மரியாதையும் உண்டு. ஆனால் கேட்காமல் இறக்கிவிட்ட ஒருவருடைய ஆடுகளைப் பிடித்து அடைத்ததையும், அவர் பெண்டாட்டி பிள்ளைகள் எதிரிலேயே வாங்கிய வசவையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த வசவில் ஆடு மட்டுமா இருந்தது? சாதி இருந்தது, அவருடைய அம்மா இருந்தாள், எல்லாம் இருந்தது. பிறகு பள்ளிக்கூடம் வந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முழுசாகப் படித்த முதல் ஆள் நான்தான், அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்கவில்லை. அங்கேயும் “உள்ளே வரலாமா டீச்சர்?” என்று கேட்காமல் காலை வைத்தால் வெளியே நிறுத்தினார்கள். கையைத் தூக்கி, எழுந்து நின்று, கேட்கலாமா என்று கேட்டால்தான் சந்தேகமே கேட்க முடியும். இத்தனை வருஷம் இதைத் தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு, படித்து முடித்து வெளியே வந்தால் ஒரு மிஷின் சிரித்துக்கொண்டே சொல்கிறது, உனக்கு நாகரிகம் தெரியவில்லை என்று.

ஆனாலும் அந்தக் குரூப்பை விட்டு நான் போகவில்லை. போனால் தோற்ற மாதிரி. பேசாமல் படித்தேன், மற்றவர்கள் கேட்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன், சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை வாங்கினேன். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார்கள். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் தெருவில் ஒரு மாடி ரூம் எடுத்திருக்கிறேன். ஏன் சென்னைக்கு வரவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏன் வர வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

குரூப்பின் வீடியோ மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால் முதலில் கேட்பது தறிதான்.

“யாரோட சைடுல ட்ரெயின் போகுது?”

“ட்ரெயின் இல்ல, தறி. பக்கத்து வீட்டுல ஓடுது.”

“ஓ, சூப்பர்! கொஞ்சம் மியூட் பண்ணிக்கோங்களேன்.”

கரண்ட் போனால் தறி நிற்கும், என் குரல் தெளிவாகக் கேட்கும். ஆனால் கரண்ட் போனால் நெட்டும் போய்விடும். ஆக அவர்களுக்கு என் குரல் சுத்தமாகக் கேட்க வழியே கிடையாது.

போன வருஷம் குரூப்பின் நிர்வாகிகளில் ஒருத்தியாக என்னைச் சேர்த்தார்கள். பின்தங்கிய இடங்களிலிருந்து வருகிறவர்களை வரவேற்க வேண்டும், அதற்கு உங்களைப் போன்றவர்கள் முன்னால் வர வேண்டும் என்று, குரூப்பை ஆரம்பித்தவரே போன் செய்தார். அவரை நான் அண்ணா என்பேன். சார் என்றால் கோபித்துக்கொள்வார், இங்கே எல்லோரும் சமம் என்பார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்.

“உங்க போட்டோ ஒண்ணு வேணும். வெப்சைட்ல போட. கொஞ்சம் ஊர் ஃபீல் இருக்கிற மாதிரி.”

“ஊர்லதான அண்ணா இருக்கேன். இப்பமே எடுத்து அனுப்புதேன்.”

“அதில்ல... அப்பா ஆடு வளர்க்கிறார்னு சொன்னீங்கல்ல? ஆட்டோட ஒண்ணு கிடைக்குமா?”

“ஆட்டோட எங்கப்பாதான் நிப்பாரு. அவரு போட்டோவப் போடுதீகளா? ஆனா கோட் எழுதுதது நான்லா.”

சிரித்தார். “செம ஷார்ப்பா பேசுறீங்க” என்றார். நான் அனுப்பிய போட்டோவைப் போடவில்லை. மரத்தடியில் பாவாடை தாவணி கட்டிய ஒரு பெண் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டார்கள். எங்கள் ஊர் வெயிலில் மரத்தடியில் உட்கார்ந்தால் திரையில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. இதை யாரிடம் சொல்ல?

இந்த வருஷம்தான் புளியங்குடியைச் சேர்ந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். இங்கே ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்து எல்லோரும் போன பிறகும் கதவோரம் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. இரண்டும் அவள் மேல் இல்லை. “கேளு” என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு அவள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். பிறகு நான் பஸ் ஏறும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

அவள் அப்பா எலுமிச்சைச் சந்தையில் மூடை தூக்குகிறார். படிப்பு முடிந்துவிட்டது. தை பிறந்தால் மாப்பிள்ளை பார்ப்பதாக வீட்டில் பேச்சு. அவள் அழுது பார்த்திருக்கிறாள். கடைசியில் அவள் அப்பா, “தைக்குள்ள வேலைன்னு ஒண்ணு கையில இருந்தா நிப்பாட்டி வைக்கேன், இல்லன்னா பேசப்பிடாது” என்றிருக்கிறார். அவள் எதிர்பார்க்காத அளவுக்கு நல்ல பேச்சு அது.

எங்கள் குரூப் வருஷாவருஷம் சம்பளத்தோடு ஒரு பயிற்சி வேலைக்கு ஆள் எடுக்கும். விண்ணப்பிக்க ஒரே ஒரு நிபந்தனை. குரூப் செய்துவரும் பஸ் நேரம் காட்டும் செயலியில் ஏதாவது ஒரு சின்ன வேலையை முடித்து அனுப்பி, அதைப் பெரியவர்கள் சரிபார்த்து ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். என்னென்ன வேலை பாக்கி என்று பொதுவில் போட்டிருப்பார்கள். யாரும் எடுத்துச் செய்யலாம். அதை அவளிடம் நான்தான் சொன்னேன். அந்த ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இல்லை. நான் உரையாடல் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள் மட்டும்.

சின்ன போனில் செயலியைத் திறந்தால் ஊர்ப் பெயர்களின் ஓரம் வெட்டுப்பட்டுத் தெரியும். அதைச் சரிசெய்யும் வேலையை அவள் பார்த்தாள். அவளிடம் இருப்பதே சின்ன போன்தான். அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் உட்கார்ந்து சரிசெய்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தானாகவே செய்தாள். அவள் வைராக்கியம் அப்படி.

சில நாள் கழித்து குரூப்பில் ஒரே வாழ்த்தாக இருந்தது. கோயம்புத்தூர்ப் பையன் ஒருவர் அதே வேலையை முடித்து அனுப்ப, அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அவர் மேல் தப்பில்லை. வேலை திறந்து கிடந்தது, செய்தார். நான் புளியங்குடிக்குப் போன் போட்டேன்.

“ஏட்டி, அத நீதான முடிச்சு வச்சிருந்த?”

“ஆமாக்கா. போன வாரமே முடிஞ்சிட்டு.”

“பெறகு ஏன் அனுப்பல?”

“எடுத்துக்கிடட்டுமா சார்னு கேட்டிருந்தேன்லா. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.”

பாக்கி வேலைகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்த வேலையின் கீழே அவள் கேட்டிருந்தது அப்படியே இருந்தது. அதன் கீழே சிரிப்புப் பொம்மை. அங்கேயும் அதே மிஷின்தான்.

“பதில் வந்திருக்கே. கேக்காண்டாம், செய்யின்னு.”

“அது மிஷின்லாக்கா” என்றாள். “ஆளு யாரும் சொல்லலையே.”

செய்துமுடித்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு, வரப்பில் நின்று குரல் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் காத்திருந்திருக்கிறாள். காட்டுக்காரர் என்று அங்கே யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் இறங்கியிருப்பாளா? கேட்காமல் செய் என்று சொல்வது சுலபம். கேட்காமல் செய்ததற்காக ஒருநாளும் வசவு வாங்காதவர்களுக்கு அது ரொம்பச் சுலபம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நிர்வாகிகள் மீட்டிங். மிஷினை நிறுத்துங்கள் என்றேன். யாராவது கேட்கலாமா என்று கேட்டால், நம்மில் ஒருவர் “கேளுங்க” என்று போட்டால் போதும் என்றேன். நடந்ததையும் சொன்னேன். உச்சுக் கொட்டினார்கள். “பாவம்” என்றார் ஒருவர். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது.

“ஆனா இத்தனை பேருக்கு ஆள் வச்சு ரிப்ளை பண்ண முடியுமாங்க?” என்றார் அவரே.

“எத்தன பேரு கேக்காங்க? நாம வெரட்டுததுல பாதிப்பேரு ஒரு தடவைக்கு மேல வாரதே இல்லையே.”

“இல்லைங்க, நாளைக்கு ஆபீஸ்ல யார் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க? இப்பவே பழகணும்ல? நாம ஹெல்ப்தான் பண்றோம்.”

“நாங்க ஹெல்ப் கேக்கல” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. “ஒரு வார்த்தை கேக்கோம். ‘ம்’னு சொன்னாக்கூடப் போதும்.”

“சாரி, உங்க சைடுல சத்தமா இருக்கு. கொஞ்சம் மியூட் பண்றீங்களா?”

தறியைத்தான் சொன்னார். தறியை மட்டும்தான் சொன்னார் என்று நம்ப முயன்றேன்.

கடைசியில் முடிவு எடுத்தார்கள். மிஷின் இருக்கும். ஆனால் அதன் வாசகத்தைக் கனிவாக மாற்றுவது, தமிழிலும் போடுவது. என் யோசனையால்தான் இந்த மாற்றம் வந்தது என்று எனக்கு நன்றி வேறு சொன்னார்கள். இனி அது தமிழிலேயே விரட்டும்.

மீட்டிங்கில் நடந்ததை அவளுக்கு எழுதியிருந்தேன். அன்று சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி வந்தது. இனி முயற்சி செய்யப்போவதில்லை என்று எழுதியிருந்தாள். தனக்காக நான் யாரிடமும் சண்டை போட வேண்டாமாம், எனக்குக் கெட்ட பேர் வருமாம். உடனே கூப்பிட்டேன்.

“உனக்காகன்னு யாரு சொன்னா?”

“பெறகு யாருக்கு?”

“நான் கேக்காம விட்ட சந்தேகம் ஒண்ணு உண்டு. அதுக்கு.”

“என்ன சந்தேகம்க்கா?”

“மறந்துபோச்சு. நீ அடுத்த வேலைய எடு. பயிற்சி வேலைக்கு விண்ணப்பம் இன்னும் மூடல.”

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் குரூப்பின் அமைப்புகளைத் திறந்தேன். நிர்வாகி என்பதால் எனக்கும் அந்த அனுமதி உண்டு. மிஷினை நிறுத்தினேன். குரூப்பில் தமிழில் எழுதினேன்: ‘தானாகப் பதில் போடுவதை நிறுத்தியிருக்கிறேன். இனி யாராவது கேட்கலாமா என்று கேட்டால் நான் பதில் சொல்வேன். முடிந்தவர்கள் நீங்களும் சொல்லுங்கள்.’

சாப்பிட்ட தட்டைக் கழுவி முடிப்பதற்குள் அண்ணாவிடமிருந்து போன் வந்துவிட்டது.

“என்னங்க இது? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாமே?”

“கேக்காமச் செய்யணும்னுதான அண்ணா நம்ம குரூப்ல சொல்லுதோம்?”

“அது வேற, இது வேற.”

“எப்படி வேற?”

சட்டென்று சொன்னார், “அது புதுசா வர்றவங்களுக்கு.”

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும், உடனே பேச்சை மாற்றினார். அடுத்த மீட்டிங் வரைக்கும் மிஷின் நிற்கட்டும், நான் நிர்வாகியாக இருப்பதைப் பற்றியும் அப்போது பேசிக்கொள்வோம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இங்கே யாருமே எதையும் கோபமாகச் சொல்வதில்லை. கோபம் எல்லாம் எங்களுக்குத்தான்.

அன்றிலிருந்து கேட்கலாமா என்று வருகிற ஒவ்வொரு செய்திக்கும் “கேளுங்க” என்று போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆபீஸ் வேலைக்கு நடுவில், குழம்பு கொதிக்கையில், பஸ்ஸில். பெரிய சேவை ஒன்றும் இல்லை, ஒரு சொல். போட்டதும் அவர்கள் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தக் கோயம்புத்தூர்ப் பையனும் சில நேரம் எனக்கு முந்திப் பதில் போடுகிறார். மற்ற நிர்வாகிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்ததற்கான நீலக் குறி மட்டும் வருகிறது.

போன ஞாயிறு புளியங்குடியிலிருந்து அவள் பஸ் ஏறி வந்தாள். வீட்டில் நெட் சரியில்லை என்றாள். என் ரூமில் தரையில் உட்கார்ந்து இரண்டாவது வேலையை முடித்தாள். பெரிய வேலை இல்லை. தேதி மாறும்போது பழைய பஸ் நேரம் காட்டிக்கொண்டிருந்ததைச் சரிசெய்தாள். நான் அவள் பக்கம் போகவில்லை, துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

திடீரென்று அவள் கீபோர்டு சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். எல்லாம் தயாராக இருந்தது. விரல் அனுப்பும் பட்டனில் இருந்தது. என்னைப் பார்த்தாள்.

“அனுப்பட்டுமாக்கா?”

எனக்குள் சுள்ளென்று ஏதோ வந்தது. இத்தனைக்குப் பிறகும் கேட்கிறாளே என்றுதான். இதற்கெல்லாமா கேட்பது, நேராக அனுப்ப வேண்டியதுதானே என்று வாய்வரை வந்துவிட்டது. மிஷினின் அதே வாசகம், என் குரலில். மடித்த சட்டையைக் கீழே வைத்தேன்.

“அனுப்பு” என்றேன்.

அனுப்பினாள். பெருமூச்சு விட்டாள். “இனி?”

“இனி அவங்கதான் பாத்துச் சொல்லணும்.”

“சொல்லுவாகளா?”

சொல்லுவார்கள் என்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை. “தெரியல. சொல்லுத வரைக்கும் நான் விடப்போறதில்ல” என்றேன். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஏறும்போது, “அப்பாட்ட அனுப்பியாச்சுன்னு சொல்லட்டுமா, இல்ல முடிவு தெரிஞ்ச பெறகு சொல்லட்டுமா?” என்று கேட்டாள். அனுப்பியாச்சு என்று சொல்லச் சொன்னேன்.

இதை எழுதும்வரை அந்த வேலையை யாரும் திறந்து பார்க்கவில்லை. அண்ணாவிடம் கேட்டேன், “பார்க்கிறேன்” என்றார். பயிற்சி வேலைக்கான விண்ணப்பம் இந்த வாரத்தோடு மூடுகிறது. தை ஒன்றும் தூரத்தில் இல்லை. நாளை காலை மீட்டிங். முதலில் மிஷினைப் பற்றிப் பேசுவார்கள், பிறகு என்னைப் பற்றிப் பேசுவார்கள். என்னை எடுத்தாலும் எடுக்கட்டும். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் வேலையை யார் பார்க்கப்போகிறார்கள், எப்போது பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பேன். அவர்கள் ஒரு பெயரையும் ஒரு நாளையும் சொல்லும்வரை மியூட்டைப் போட மாட்டேன். தறி ஓடட்டும்.